குழந்தையின் இதயத்துக்காகக் கையேந்தும் முன்: தர்மபுரி மாவட்டப் பெற்றோருக்கும் ஜமாஅத்களுக்கும் ஒரு வழிகாட்டி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மருத்துவமனைக் காகிதங்களோடு ஒரு தந்தை பள்ளிவாசல் வாசலில் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். "குழந்தையின் இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்கு இத்தனை லட்சம் வேண்டும்" என்று இமாம் அறிவிப்பார். ஜமாஅத்தார் இயன்றதைப் போடுவார்கள். சில ஆயிரங்கள் சேரும். அவர் அடுத்த வாரம் அடுத்த ஊருக்குப் போவார். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, அங்கிருந்து பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று அலைவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். குழந்தையின் நோய் அதுவரை காத்திருப்பதில்லை.

இப்படித் திரட்டப்படும் பணத்தில் பெரும்பகுதி, அரசுத் திட்டங்களின் வழியே கட்டணமின்றிக் கிடைக்கக்கூடிய சிகிச்சைக்கே போகிறது. பணம் உண்மையிலேயே தேவைப்படும் மற்ற செலவுகளுக்கு யாரும் திரட்டுவதில்லை. ஆகவே எது முதலில், எது பிறகு, மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இங்கே வரிசையாகத் தொகுத்துத் தருகிறோம்.

இது என்ன நோய், ஏன் அவசரம்?

உலக அளவில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. கீழறைகளுக்கு இடையே உள்ள சிறு துளைகள் பல, குழந்தை வளரும்போது தாமாகவே மூடிக்கொள்ளும். மேலறைகளுக்கு இடையே உள்ள துளை, பிறந்த பின்னும் மூடாத ரத்தக்குழாய் ஆகியவற்றில் பலவற்றை நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே சிறு கருவியைச் செலுத்தி அடைத்துவிடலாம். பெரிய துளைக்கும், உடல் நீலம் பாயும் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ போன்ற குறைகளுக்கும் திறந்த இதய அறுவை சிகிச்சை வேண்டும்.

பெரிய துளை இருந்தால் நுரையீரலுக்கு அளவுக்கு அதிகமான ரத்தம் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பாய்ந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதன் பிறகு துளையை அடைப்பதே ஆபத்து என்று மருத்துவர்கள் கைவிரிக்கும் நிலை வரும். ஒரு வயதுக்குள் சரிசெய்திருக்கக் கூடியதை ஐந்து வயதில் பணத்தோடு வந்தாலும் சரிசெய்ய முடியாமல் போகலாம். தாமதம் குழந்தையிடமிருந்து பறிப்பது இந்த வாய்ப்பைத்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் நிறுத்திவிடும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, அடிக்கடி நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் வரும் குழந்தை, அழும்போது உதடும் நகமும் நீலமாகும் குழந்தை, விளையாடும்போது ஓடிவிட்டுச் சட்டென்று குத்துக்காலிட்டு உட்காரும் பிள்ளை. இவற்றில் எது தெரிந்தாலும் "சீர் தட்டியது", "கண்ணேறு" என்று நாள் கடத்தக் கூடாது. துஆ ஓதுவதும் தவறல்ல, மருத்துவரிடம் போவதும் தவக்குலுக்கு முரணல்ல. ஓதிக்கொண்டே போகலாம்.

முதலில் போக வேண்டிய இடங்கள்

1. அங்கன்வாடியும் பள்ளியும்: மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை நடமாடும் மருத்துவக் குழுக்கள் பரிசோதிக்கின்றன. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். பிறவி இதயக் குறைபாடும் வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும் அந்தப் பட்டியலில் உள்ளன. இக்குழு கண்டறியும் பிள்ளைகள் மாவட்ட இடையீட்டு மையத்தின் வழியே மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் அங்கன்வாடிக்கே போவதில்லை, அல்லது மக்தபுக்கு மட்டும் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பரிசோதனை நாளில் அங்கன்வாடிக்கு அழைத்துப் போவதை மக்தப் உஸ்தாதுகள் ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: சிறுநகரக் கிளினிக்கில் "இதயத்தில் சத்தம் கேட்கிறது" என்று சொன்னதும் நேராகப் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் இங்கே குழந்தைகள் பிரிவில் காட்டி, பரிந்துரைக் கடிதத்தோடு மேல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. பின்னால் கேட்கப்படும் ஆவணங்களுக்கும் அந்தக் கடிதம் உதவும்.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: 2012 ஜனவரியில் இப்பெயரில் தொடங்கிய இத்திட்டம் 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு. ஆண்டு வருமான வரம்பு முன்பு ரூ.72,000 ஆக இருந்தது, பிறகு ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் இதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும், பட்டியலில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணமில்லா உதவி எண் 1800 425 3993.

இங்கே பலர் தடுக்கி விழுவது ஒரு சிறு விஷயத்தில்: குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்காது. பெயர் வைத்து, அகீகா கொடுத்து, விருந்தும் முடித்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதும் குடும்ப அட்டையில் சேர்ப்பதும் மட்டும் நின்றுபோயிருக்கும். குழந்தை பிறந்த மாதமே இந்த இரண்டையும் முடித்துவிட்டால், நெருக்கடி நாளில் அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிராது.

4. இலவச அறுவை சிகிச்சை செய்யும் அறநிலையங்கள்: ஸ்ரீ சத்ய சாயி உயர் மருத்துவ நிலையம் புட்டபர்த்தியில் 1991 முதலும், பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 2001 முதலும் மதம், மாநிலம் பார்க்காமல் கட்டணமின்றி இதய சிகிச்சை அளிக்கிறது. தர்மபுரியிலிருந்து பெங்களூரு சில மணி நேரப் பயணம்தான். ரோட்டரி சங்கங்களின் 'கிஃப்ட் ஆஃப் லைஃப்' என்ற உதவி 1975-இல் நியூயார்க் பகுதியில், உகாண்டாவிலிருந்து அழைத்து வரப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியின் சிகிச்சையில் தொடங்கியது. இன்று இந்தியாவின் பல ரோட்டரி மாவட்டங்கள் அதைச் செய்கின்றன.

5. நிவாரண நிதிகள்: காப்பீட்டுக்குள் வராத செலவு இருந்தால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். இதய அறுவை சிகிச்சை பிரதமர் நிதியின் உதவிப் பட்டியலில் உள்ளது. மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று கட்டாயம். உதவித் தொகை நேராக மருத்துவமனைக்கே போகும். எனவே சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகும் பணம் தேவைப்பட்டால்தான் வசூல்.

அப்படியானால் பணம் எதற்கு?

"ஆபரேஷன் இலவசம்" என்றதும் ஜமாஅத்தாரின் கை சுருங்கிவிடுகிறது. ஆனால் ஏழைக் குடும்பம் உடைவது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் அல்ல, அதைச் சுற்றியுள்ள செலவுகளில்தான்.

கூலி வேலைக்குப் போகும் தந்தை மூன்று, நான்கு வாரம் மருத்துவமனையில் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய் குழந்தையோடு இருக்கிறாள், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. வெளியூரில் தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, எக்கோ பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பயணங்கள் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டும், அதற்குக் கொடையாளிகள் ஊரிலிருந்து போய்வர வேண்டும். பல்லில் சொத்தை இருந்தால் அதிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம் என்பதால், முதலில் பல் சிகிச்சை முடிக்கச் சொல்வார்கள். வீடு திரும்பிய பிறகு மாத்திரைகளும் மறு பரிசோதனைகளும் தொடரும். செயற்கை வால்வு வைத்த பிள்ளைக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் தேவை.

மறு பரிசோதனைக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு லட்சம் கொடுத்த ஊர், அதன் பிறகு மாதம் ஆயிரம் கொடுக்க ஆளின்றி இருப்பது வேதனை. இதய அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில், இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனையின் உரிய படிவம் வேண்டும். சேலம் – தர்மபுரி – ஓசூர் – பெங்களூரு ரயில் பாதை நம் மாவட்டத்தின் வழியேதான் போகிறது.

எனவே ஜமாஅத்தின் நிதியில் குடும்பச் செலவு, பயணம், தொடர் மருந்து என்ற மூன்றுக்கும் தனித்தனியாக ஒதுக்குவதே அறிவுடைமை.

ஸகாத் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஸகாத்துக்கு உரியவர்களை எட்டுப் பிரிவினராகத் திருக்குர்ஆன் 9:60 வசனம் வரையறுக்கிறது. ஏழைகளும் வறியவர்களும் அதில் முதலில் வருகிறார்கள். சிகிச்சைக்காக ஏற்கெனவே கடன் வாங்கித் தவிப்பவர் கடனாளிகள் என்ற பிரிவிலும் வருவார். ஆனால் சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் அதிகம். ஹனஃபி சட்டப்படி ஸகாத் நிறைவேற, அந்தப் பொருளை ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுப்பது, அதாவது தம்லீக், நிபந்தனை. நாமே மருத்துவமனைக் கவுண்டரில் கட்டிவிட்டால் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்ற கேள்வி எழும். எளிய வழிகள் இரண்டு உண்டு. தந்தையின் கையிலோ கணக்கிலோ கொடுத்து அவரையே கட்டச் சொல்லலாம். அல்லது, "என் சார்பில் ஸகாத்தைப் பெற்று மருத்துவமனையில் செலுத்துங்கள்" என்று தந்தை ஜமாஅத்தைத் தம் வகீலாக எழுத்தில் நியமிக்கலாம். மருத்துவமனைக்கு எக்கோ இயந்திரம் வாங்கித் தருவது, ஆம்புலன்ஸ் வாங்குவது போன்றவற்றுக்கு ஸகாத்தைத் தொடாமல் ஸதகாவையோ வக்ஃபையோ பயன்படுத்த வேண்டும்.

"தாயின் கழுத்தில் நகை இருக்கிறதே, அவர்கள் எப்படி ஏழை?" என்று கேட்பவர்கள் உண்டு. மனைவியின் நகை மனைவியின் சொத்து. அதனால் கணவன் செல்வந்தனாகிவிட மாட்டான். ஹனஃபி சட்டத்தில் சிறு பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைப் பொறுத்ததே. தந்தை ஏழை என்றால் பிள்ளைக்கு ஸகாத் ஆகும். தாய் மனமுவந்து நகையைத் தருவது அவளுடைய நற்செயல். அதைக் கழற்றினால்தான் உதவுவோம் என்று ஜமாஅத் நிபந்தனை போடக் கூடாது.

இன்னொன்று, ரமளான். நம்மில் பெரும்பாலோர் ஸகாத்தை ரமளானில்தான் கணக்கிடுகிறோம். குழந்தைக்குத் தேதி குறித்திருப்பதோ ஸஃபரில். நிஸாப் அளவு செல்வம் உடையவர் ஆண்டு முடியும் முன்பே ஸகாத்தை முன்கூட்டிக் கொடுப்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் ஆகும். கொடுத்ததைக் குறித்து வைத்துக்கொண்டு ரமளானில் கழித்துக்கொள்ளலாம்.

விசாரித்த பிறகே அறிவிப்பு

கேட்பது யாருக்கு ஆகும் என்பது பற்றி கபீஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வறுமைக்கு ஆளானவர் விஷயத்தில், அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமறிந்த மூவர் அதை உறுதிசெய்வது பற்றி அதில் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் ஜமாஅத்களுக்கு இதுவே போதுமான வழிமுறை. முத்தவல்லி, இமாம், மருத்துவம் தெரிந்த ஒருவர் என்று மூவர் அமர வேண்டும். எக்கோ அறிக்கை, மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, காப்பீட்டில் எவ்வளவு ஒப்புதல் கிடைத்தது என்ற கடிதம் ஆகிய மூன்றையும் பார்த்து, மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்து, அதன் பிறகே மிம்பரில் அறிவிக்க வேண்டும். பழைய அறிக்கையின் நகலோடு ஊர் ஊராக வருபவர்களால் உண்மையான ஏழை நம்பிக்கை இழக்கிறான். விசாரணை என்பது ஏழையைச் சந்தேகிப்பதல்ல, அவனுக்கான பாதுகாப்பு.

குழந்தையின் கண்ணியமும் ஓர் அமானத். குழாய்கள் செருகிய உடலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஓடவிடுகிறோம். குழந்தை பிழைத்து வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளையாக இருந்தால் திருமணப் பேச்சு வரை அது தொடரும். பெயரும் படமும் இல்லாமல், ஜமாஅத்தின் கடிதத்தோடும் தேதியோடும் செய்தி போகட்டும். தொகை நிறைந்ததும் "முடிந்துவிட்டது" என்ற செய்தியையும் அதே வேகத்தில் பரப்ப வேண்டும்.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் சகோதரர்கள் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள். தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அவர்கள் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடமோ வெளிநாட்டு அமைப்பிடமோ ஜமாஅத் நன்கொடை பெறுவதானால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்து வழக்கில் சிக்கிக்கொள்ளக் கூடாது.

மீந்த பணம் யாருடையது?

2003 ஜூலையில் லாகூரிலிருந்து டெல்லி வரும் பேருந்தில் ஒரு பாகிஸ்தானியப் பெண் குழந்தை பெற்றோருடன் இந்தியா வந்தது. பெங்களூருவில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயாவில் அதன் இதயத் துளைகள் சரிசெய்யப்பட்டன. செய்தி கேட்டு இந்தியர்கள் பணத்தை அனுப்பிக் குவித்தார்கள். மருத்துவமனையோ கட்டணம் வாங்கவில்லை. சேர்ந்த பணம் மற்ற ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்பட வேண்டும் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2000-இல், இந்தூரைச் சேர்ந்த சிறுமி பாலக் முச்சால் ஒரு மாணவனின் இதய சிகிச்சைக்காகத் தெருவில் பாடிப் பணம் சேர்த்தார். அந்தச் சிறுவனுக்கும் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. சேர்ந்த பணம் வேறு குழந்தைகளுக்குப் போனது. அன்று தொடங்கிய பணியில் 3,000 அறுவை சிகிச்சைகள் நிறைவடைந்ததாக 2024-இல் செய்தி வந்தது. ஒரு குழந்தையின் மீதிப் பணம்தான் அங்கே ஒரு நிதியத்துக்கு விதையானது.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு ஒழுங்கு உண்டு. குறிப்பிட்ட குழந்தைக்கென்று கொடுக்கப்பட்ட ஸதகாவில் மீதி இருந்தால், கொடுத்தவரின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். ஜமாஅத் தன் விருப்பப்படி பள்ளிவாசல் கட்டடத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே வசூலிக்கும்போதே, "மீதி இருந்தால் இதே போன்ற வேறு குழந்தைக்குச் செலவிடப்படும்" என்று அறிவித்துவிடுவது நல்லது. ஸகாத்தைத் தந்தையின் உரிமையாக்கிக் கொடுத்துவிட்டால் அது அவருடைய பணம், திருப்பிக் கேட்க முடியாது. அதனால்தான் மொத்தமாகக் கொடுக்காமல் தேவைக்கேற்பத் தவணையாகக் கொடுப்பது சிறந்தது.

பிற சமயத்துக் குழந்தையின் பெற்றோர் வந்து கேட்டால்? ஸகாத்துக்குத் தனி விதி இருக்கிறது, ஸதகாவுக்கு அந்த எல்லை இல்லை. ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். ரத்தம் கொடுக்கும்போது யாரும் மதம் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்கும் எத்தனையோ பேர் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நோய் வராமல் காக்க

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தையின் இதயம், கண், காது மூன்றும் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த பெற்றோர் இருந்தார்கள். இன்று போடப்படும் அந்த ஊசி, நாளை நம் பெண் பிள்ளையின் வயிற்றில் வளரும் குழந்தையின் இதயத்துக்கும் பாதுகாப்பு. இதை மிம்பரில் சொல்ல வேண்டியது ஆலிம்களின் கடமை.

நெருங்கிய உறவுக்குள் திருமணம் ஹலால்தான், ஆனால் கட்டாயமல்ல. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே முடிக்கும் குடும்பங்களில் பிறவிக் குறைகளின் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்பத்தில் ஏற்கெனவே அப்படிக் குழந்தை பிறந்திருந்தால் வெளியே சம்பந்தம் பார்ப்பது நல்லது. கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை எடுப்பதும், சர்க்கரை உள்ள தாய்மார் அதைக் கட்டுக்குள் வைப்பதும் தேவை. அடுத்த கர்ப்பத்தில் கருவின் இதயத்தை எக்கோ மூலம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு மூட்டாக வீங்கினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது வால்வுகளைக் கெடுக்கும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம் வரை தவறாமல் போட்டால் வால்வு மேலும் கெடாமல் தடுக்கலாம். பின்னால் லட்சங்களில் ஆகும் செலவை மலிவான ஓர் ஊசி தவிர்த்துவிடுகிறது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியவை

- மஹல்லாவில் காப்பீட்டு அட்டை இல்லாத, குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் சேராத வீடுகளின் பட்டியலை எடுத்தல்.
- ஆட்சியர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் உடன் சென்று படிவம் நிரப்பித் தர, படித்த இளைஞர் இருவரை நியமித்தல்.
- ரத்த வகையோடு கொடையாளிகள் பட்டியல் வைத்திருத்தல்.
- பைத்துல் மாலில் சிகிச்சைப் பயணத்துக்கும் தொடர் மருந்துக்கும் தனிக் கணக்குத் தொடங்குதல்.
- வரவு செலவை மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுதல், குழந்தையின் பெயரைத் தவிர்த்து.

ஓர் உயிரை வாழவைப்பதன் மதிப்பைத் திருக்குர்ஆன் 5:32 வசனத்தில் நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். சில நேரம் அதற்கு லட்சங்கள் தேவைப்படும். பல நேரம் ஒரு படிவம், ஒரு பரிந்துரைக் கடிதம், பெங்களூருக்கு ஒரு ரயில் சீட்டு போதும். அதைச் சரியான நேரத்தில் செய்து கொடுக்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நோயுற்ற குழந்தைகளுக்கு முழு ஷிஃபாவையும் பெற்றோருக்குப் பொறுமையையும் வழங்குவானாக. ஆமீன்.